முடிச்சூரில் தரைத்தளம், இன்சுலின் போடும் மாமியார், பத்து மாதக் குழந்தை: மழைக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: முடிச்சூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் தரைத்தளத்தில் இருக்கிறோம். 2015-இல் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலில் முழங்காலளவு. மாமியாருக்கு 72 வயது, காலையும் இரவும் 30/70 இன்சுலின் போடுகிறார், படி ஏற முடியாது. எனக்குப் பத்து மாதக் குழந்தை, இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். கட்டடத்துக்குப் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். சம்ப் 20,000 லிட்டர், மேல்தொட்டி 10,000 லிட்டர். ஒவ்வொரு ஆண்டும் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று செய்தி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். சங்கத்தில் இந்த முறை ரப்பர் படகு வாங்குவதா, ஜெனரேட்டர் வாங்குவதா என்று வாக்குவாதம் நடக்கிறது. உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

செம்பரம்பாக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். உங்கள் ஊர் அதற்கு மேல்புறத்தில் இருக்கிறது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் வரும் வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வருவது. அதனால் செம்பரம்பாக்கம் 24 அடியில் 20 அடிதான் இருக்கிறது என்ற செய்தியைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ‘ஆதனூர் ஏரியும் மணிமங்கலம் ஏரியும் நிரம்பிவிட்டனவா, கலங்கலில், அதாவது உபரிநீர் வெளியேறும் இடத்தில், தண்ணீர் போகிறதா’ என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும். அந்தப் பக்கம் குடியிருக்கும் இரண்டு பேரின் எண்ணைச் சங்கம் இப்போதே வாங்கி வைக்கட்டும். ஏரிகள் வழியத் தொடங்கிவிட்டால், உங்கள் தெருவில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறும். மழை நின்றுவிட்டதே என்று படுத்தவர்கள் நள்ளிரவில் எழுந்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

வானிலை எச்சரிக்கையில் நிறத்தோடு சென்டிமீட்டரையும் பாருங்கள். 12 முதல் 20 செ.மீ. வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. காய்ந்த தரையில் பெய்யும் 12 செ.மீ. வேறு, ஏரிகள் நிறைந்திருக்கும்போது பெய்யும் 12 செ.மீ. வேறு. அக்டோபரை விட நவம்பர் கடைசியும் டிசம்பர் தொடக்கமும் உங்களுக்கு ஆபத்தாக இருப்பது அதனால்தான்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் அழுத்திச் சொல்வது ஒன்று: யார், எப்போது கிளம்புவது என்பதை மழைக்கு முன்பே, செப்டம்பரிலேயே, எழுதி முடிவு செய்யுங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்தபின் ஒரு குடும்பத்தால் நிதானமாக முடிவெடுக்க முடியாது. ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாமியாரும் குழந்தையும் தண்ணீரைப் பார்த்த பிறகு கிளம்பக் கூடாது. அன்றிரவுக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்து, மேலே சொன்ன ஏரிகளும் நிரம்பியிருந்தால், மாலை 4 மணிக்கு அவர்கள் இருவரும் நீங்களும் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். மழை பொய்த்தால் மறுநாள் திரும்பி வாருங்கள். மூன்று முறை வீணாகப் போய்வருவது ஒரு நட்டமே இல்லை. வெளியே போக வழியில்லை என்றால் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடி வீடு ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். அங்கே போனால் இரண்டு முதல் நான்கு நாள் வரை வெளியுலகத் தொடர்பு இல்லாமல் இருக்க நேரலாம் என்று எண்ணித்தான் பொருள்கள் எடுக்க வேண்டும். உங்கள் அடுக்ககத்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, ஆக்ஸிஜன் கருவியில் இருப்பவரோ, பிரசவ தேதி நெருங்கியவரோ இருந்தால் மேல்மாடி அவர்களுக்குப் போதாது. எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனை பக்கமாகப் போய்விட வேண்டும்.

படி ஏற முடியாதவரைத் தூக்க, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி போதும். இடுப்பையும் நாற்காலியின் முதுகையும் சேர்த்துத் துப்பட்டாவாலோ வேட்டியாலோ கட்டுங்கள். ஏறும்போது அவருடைய முதுகுப்பக்கம் மேல்படியை நோக்கி இருக்க வேண்டும். ஒருவர் மேலே முதுகுச் சட்டத்தையும், ஒருவர் கீழே முன்கால்களையும் பிடிக்க, மூன்றாமவர் கீழே நிற்பவரின் முதுகில் கை கொடுத்து வரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நாற்காலியில் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து ஒத்திகை பாருங்கள். திருப்பத்தில் நாற்காலி இடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததும் வீட்டில் செய்ய வேண்டியவை: முதலில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, பிறகு மெயினை அணையுங்கள். மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் தானாக வேலை செய்யத் தொடங்கி, வீட்டு வயர்களில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பலரும் தவறுவது இங்கேதான். சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றுங்கள், இல்லையென்றால் சிலிண்டர் மிதந்து டியூபைப் பிய்த்துவிடும். லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்தி அதன் மின்சாரத்தையும் துண்டிக்க வேண்டும். மின்பலகைக்குப் போகும் வழியில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால், அதில் இறங்கி அணைக்கப் போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழைத்து வெளியிலிருந்தே துண்டிக்கச் சொல்லுங்கள்.

இனித் தண்ணீர். வெள்ளம் வடிந்த பிறகு வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை, டைபாய்டு என்று வருவதில் பெரும்பங்கு இங்கே நடக்கும் ஒரே தவறிலிருந்து வருகிறது. சம்பின் மூடி தரைமட்டத்தில் இருப்பதால் வெள்ளமும் செப்டிக் டேங்க் கழிவும் அதில் இறங்கிவிடும். மின்சாரம் வந்ததும் யாரோ ஒருவர் வழக்கம்போல மோட்டாரைப் போடுவார். மேல்தொட்டியில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் அத்தோடு கெட்டுவிடும். 24 வீடுகளும் ஒரே நாளில் நோய்க்கு ஆளாவது இப்படித்தான். ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்புங்கள். தெருவில் தண்ணீர் வந்ததும் மோட்டாரின் ஃபியூஸைக் கழற்றிச் செயலாளர் கையில் வைத்துக்கொள்ளட்டும். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பழக்கத்தில் யாராவது போட்டுவிடுவார்கள்.

அடுத்து, மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் கேட் வால்வை மூடுங்கள். கணக்கைப் பாருங்கள். 24 வீடுகளில் சுமார் 90 பேர் என்று வைத்துக்கொண்டால், நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்று திட்டமிடும் 135 லிட்டர் வீதம் 12,000 லிட்டருக்கு மேல் போகும். உங்கள் தொட்டி ஒரு நாள்கூடத் தாங்காது. நெருக்கடிக் காலத்தில் ஒருவருக்கு 15 லிட்டர் போதும். அப்படியானால் ஒரு நாளைக்கு 1,350 லிட்டர், அதே தொட்டி ஒரு வாரம் வரும். வால்வைக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் திறந்து, ஒவ்வொரு வீடும் குடங்களில் பிடித்துக்கொள்ள வேண்டும். தரைத்தள வீடுகளில் உடைந்த குழாய் இருந்தால் அதன் தனி வால்வை முதலில் மூடிவிடுங்கள். பல கட்டடங்களில் மேல்தொட்டி வால்வைப் பல ஆண்டுகளாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், துருப்பிடித்து இறுகியிருக்கும். பிளம்பரை இப்போதே கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள்.

குடிக்கவும் சமைக்கவும் தனியாக, ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் நான்கு நாளைக்குச் சேமியுங்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 80 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. ஆர்.ஓ. இயந்திரத்தை நம்ப வேண்டாம், மின்சாரம் இல்லாமல் அது ஓடாது. எரிவாயு இருந்தால் காய்ச்சுங்கள். நன்றாகக் கொதித்துப் பொங்கிய பிறகு ஒரு நிமிடம் போதும். காய்ச்ச முடியாதபோது குளோரின். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கலக்கித் தெளியவிட்டால் மேலே நிற்பது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். அந்தத் தெளிந்த நீரில் 4 மி.லி.யை ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சில் எடுத்து 20 லிட்டர் கேனில் விட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் அந்த மண்ணிலேயே செலவாகிவிடும், கிருமியைக் கொல்லாது. ஒரு வேட்டியை எட்டு மடிப்பாக மடித்து வடிகட்டி, தெளியவிட்ட பிறகே குளோரின் விட வேண்டும். கரைசல் சில நாளிலேயே வலுவிழக்கும் என்பதால் அவ்வப்போது புதிதாகக் கலக்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் குளோரின் மாத்திரை இன்னும் எளிது, ஆனால் ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை லிட்டருக்கு என்பது மாறும். உறையில் போட்டிருப்பதைப் படித்துப் போடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் வாங்கும்போது பையில் 33 சதவீத குளோரின் என்றும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். தெருவோரம் தூவ வாங்கும் மலிவுச் சரக்கில் பல சமயம் சுண்ணாம்புதான் அதிகம். வெயிலும் ஈரமும் படாமல் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கட்டிதட்டி, மணம் போன பவுடரால் பயனில்லை.

கழிவறையைப் பற்றி யாரும் சங்கக் கூட்டத்தில் பேசுவதில்லை. பேசியாக வேண்டும். செப்டிக் டேங்க் வெள்ளத்தில் மூழ்கிவிட்டால், மூன்றாம் மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்வது உங்கள் தரைத்தளக் கழிவறையில் மேலே வரும். அந்த நேரத்தில் மேல்மாடிக்காரர்கள் ஃப்ளஷ் செய்வதை நிறுத்த வேண்டும் என்பதை இப்போதே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். மாற்று வழி, ஒரு வாளிக்குள் இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொரு முறையும் மேலே ஒரு கை மணலோ சாம்பலோ. பையைக் கட்டி, மூடியுள்ள டிரம்மில் மொட்டைமாடியில் வையுங்கள். தரைத்தளத்தில் கழிவறைக் கோப்பையிலும் குளியலறைத் தண்ணீர் போகும் துளையிலும் மணல் நிரப்பிய பைகளை அழுத்தி வைத்தால் கழிவுநீர் மேலே வருவது குறையும். அந்தப் பைகளை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், தளர்வாக இருந்தால்தான் துளையோடு ஒட்டி உட்காரும்.

உங்கள் மாமியாரின் இன்சுலின் பற்றி. ஃபிரிட்ஜ் நின்றுவிட்டால் இன்சுலின் உடனே கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பி, 30 டிகிரிக்குக் குறைவான அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் நன்றாகவே இருக்கும் (உங்கள் குப்பியின் உறையில் எத்தனை நாள் என்று அச்சிட்டிருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்). அடைமழை நாளில் சென்னை வீடுகளின் உள்வெப்பம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். மண்பானையில் வைப்பது கோடைக்கு அருமையான வழி. காற்றில் ஈரம் மிகுந்த மழைநாளில் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனாலும் கெடுதல் இல்லை. குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் தொடாதபடி ஒரு டம்ளரில் வைத்துப் பானைக்குள் இறக்குங்கள். மழைக்காலத்தில் இன்சுலின் பெரும்பாலும் வீணாவது வெப்பத்தால் அல்ல, ஐஸில் புதைத்து வைப்பதால். ஒருமுறை உறைந்த இன்சுலின், பிறகு உருகிப் பழையபடி தெரிந்தாலும், வேலை செய்யாது. எறிந்துவிட வேண்டும். 30/70 இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் பால்போல ஒரே சீராகக் கலங்க வேண்டும். திரிதிரியாகவோ அடியில் கட்டியாகவோ நின்றால் அதையும் போடாதீர்கள்.

ஒரு மாதத்துக்கான இன்சுலின், சிரிஞ்சுகள், குளுக்கோமீட்டர், அதன் பட்டைகள், மற்ற மாத்திரைகள், கடைசி மருந்துச்சீட்டின் நகல் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பட்டைகள் உள்ள புட்டியை உடனுக்குடன் மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் அளவு தவறாகக் காட்டும். வெள்ள நாள்களில் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது என்பதால் சர்க்கரை இறங்குவதுதான் முதல் ஆபத்து. தட்டில் சாப்பாடு வந்த பிறகு ஊசி போடுங்கள். வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். சாப்பாடு குறைந்தால் இன்சுலின் அளவை எவ்வளவு குறைப்பது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை அவருடைய மருத்துவரிடம் இந்த மாதச் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை நோயாளியின் கால் வெள்ளநீரில் படவே கூடாது. உணர்ச்சி மரத்த பாதத்தில் கண்ணாடி குத்தியதுகூடத் தெரியாது.

குழந்தைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை, தாய்ப்பால்தான் ஏற்பாடு. நீங்கள் பயந்திருந்தாலும், ஒரு நேரம் சாப்பிடாவிட்டாலும் பால் சுரக்கும். ‘பால் வற்றிவிட்டது’ என்று யார் சொன்னாலும் நிறுத்தாமல் கொடுங்கள், குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். நிவாரணமாக வரும் பால்பவுடரையும் புட்டிப்பாலையும் தவிர்த்துவிடுங்கள். சுத்தமான நீரும் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில் புட்டிதான் பேதிக்கு வழி. இணை உணவுக்கு வறுத்து அரைத்த சத்துமாவு, எதையாவது புகட்டுவதென்றால் புட்டிக்குப் பதில் பாலாடை என்னும் மூக்குள்ள சிறு கிண்ணம். பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் சொன்ன அளவு தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கணக்கை மாற்றினால் உப்பு கூடி ஆபத்தாகும். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. துத்தநாக மருந்து உங்கள் குழந்தையின் வயதுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., 14 நாள். பேதி நின்றாலும் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

படகு விஷயத்தில் என் கருத்து திட்டவட்டமானது: வாங்காதீர்கள். கலங்கிய நீருக்கடியில் கம்பிவேலி, மதில்மேல் பதித்த கண்ணாடித்துண்டு, திறந்த கால்வாய் எதுவும் தெரியாது. ஓடும் நீரில் துடுப்புப் போடப் பழகாதவர் படகைத் திருப்பவே முடியாது. ஆண்டுக்கொருமுறை எடுக்கும் ரப்பர் மடிப்பில் வெடித்திருக்கும். 2015-இல் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளோடு வந்து மக்களை மீட்டார்கள் என்றால், அதற்குப் பின்னால் அவர்களுடைய வாழ்நாள் அனுபவம் இருந்தது. மீட்புக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இடம் சொல்லும்போது தெரு, கட்டடத்தின் நிறம், எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர் யார் என்று நான்கையும் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரும் முதல் தேவை அல்ல. வாங்கினாலும் தரைத்தளத்தில் வைத்தால் முதலில் மூழ்குவது அதுதான். பால்கனியிலோ படிக்கட்டுப் பக்கமோ ஓட்டினால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அந்தப் பணத்தில் மின்மீட்டர் பலகையை 2015-இன் வெள்ள அடையாளத்துக்கு இரண்டடி மேலே ஏற்றுங்கள். மின்வாரியத்தில் விண்ணப்பித்து, உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர் மூலம் செய்ய வேண்டிய வேலை அது. சம்ப் வாயைச் சுற்றி மூன்றடிக் கட்டைச்சுவர் எழுப்பி, மூடியை இறுக்கமாக்குங்கள். மிச்சத்தில் 30 மீட்டர் கயிறு, நான்கு மிதவைச் சட்டை, சார்ஜ் விளக்குகள், தண்ணீரில் குளோரின் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டி. இந்தப் பட்டியலில் மிகவும் மலிவானது அந்தப் பெட்டிதான், ஆனால் மிக அதிகமாகப் பயன்படப் போவதும் அதுதான்.

தண்ணீர் வடிந்ததும் சம்பை அவசரப்பட்டுக் காலி செய்ய வேண்டாம். சுற்றி மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே முழுதும் இறைத்தால் நிலத்தடி நீரின் அழுத்தத்தில் தரை விரிசல் விடும். வெளியே தண்ணீர் நன்றாக இறங்கிய பிறகு இறையுங்கள். யாரையும் சம்புக்குள் உடனே இறக்காதீர்கள், விஷவாயு நிற்கும். மூடியைத் திறந்துவைத்து, மின்விசிறியால் காற்று செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நின்ற பிறகே இறங்க வேண்டும். சேற்றை அள்ளித் தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் வீதம், உங்கள் சம்புக்கு 3 கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி 24 மணி நேரம் விடுங்கள். அந்த நீரைக் குடிக்காமல் வெளியேற்றி, மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 5 கிராம் வீதம் 100 கிராம் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைப் பெட்டியில் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் காட்டினால் மோட்டாருக்கு ஃபியூஸைத் திருப்பிக் கொடுங்கள். வீட்டுத் தரைக்கு 10 லிட்டர் வாளியில் 150 கிராம். முதலில் சேற்றைக் கழுவிய பிறகு இதால் துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் புண்ணாக்கும். மூழ்கிய மின்பலகையையும் பிளக் பாயின்ட்டுகளையும் எலக்ட்ரீஷியன் திறந்து உலர்த்திச் சோதிக்கும்வரை மெயினைப் போட வேண்டாம்.

வெள்ளநீரில் இறங்கி நடந்த பெரியவர்களுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் 200 மி.கி. வாரம் ஒருமுறை கொடுப்பதுண்டு. அரசு மருத்துவ முகாமில் கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு நிறைய தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். உங்களைப் போலப் பாலூட்டும் தாய்மாருக்கும் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் என்ன கொடுப்பது என்பது மருத்துவர் முடிவு. எலிக்காய்ச்சல் பெரும்பாலும் தண்ணீர் வடிந்து 5 முதல் 14 நாளில், வீடெல்லாம் கழுவி முடித்து எல்லோரும் மறந்த நேரத்தில் வரும். டெங்குக் கொசு பெருகுவதும் அதே காலத்தில்தான். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது, கண்ணில் மஞ்சள் இவற்றில் எது சேர்ந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் வெள்ளநீரில் நின்றீர்கள் என்பதை அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.